அட்வான்ஸ் போனது போனதுதானா?

“கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வராது சார்.” கல்யாண மண்டப மேனேஜர், கார் ஷோரூம் விற்பனையாளர், மாடுலர் கிச்சன் போட்டுத் தருபவர், கோச்சிங் சென்டர் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் என்று எல்லோரும் இதை ஒரே குரலில் சொல்கிறார்கள். வாங்கி வைத்துக்கொண்டவர்கள் அப்படிச் சொல்வதில் ஆச்சரியமில்லை. பணத்தைக் கொடுத்தவர்களும் அதை நம்பிவிடுவதுதான் மனதை வருத்துகிறது. நிச்சயதார்த்தம் முறிந்த வீட்டில், அப்பா ஆஸ்பத்திரியில் படுத்த வீட்டில், “அட்வான்ஸ்தானே, போனது போகட்டும், அதுதானே ரூல்” என்று பெரியவர்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அப்படி ஒரு ரூல் இந்தியச் சட்டத்தில் இல்லை. இந்த நம்பிக்கைக்கு முட்டுக்கொடுக்கும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதல் வாதம்: “ரசீதிலேயே அச்சடித்திருக்கிறது, நீங்கள் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள்.” அந்த ரசீது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேலே பிள்ளையார் படம், மண்டபத்தின் பெயர், முகூர்த்தத் தேதி, மொத்த வாடகை, அட்வான்ஸ், பாக்கி. அடியில் பொடி எழுத்தில் நிபந்தனைகள்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, கரன்ட் சார்ஜ் மீட்டர்படி தனி, பாத்திரம் தொலைந்தால் அதற்குரிய தொகை பிடிக்கப்படும். கடைசி வரியில் ‘எக்காரணம் கொண்டும் முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது’.

இந்தக் கடைசி வரியைப் பற்றி 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு தொகை எழுதியிருந்தாலும், எதிர்த்தரப்புக்குக் கிடைப்பது நியாயமான இழப்பீடு மட்டுமே என்கிறது 74ஆம் பிரிவு. எழுதிய தொகை அதற்கு மேல்வரம்பு. அதற்கு மிஞ்சி வாங்க முடியாது. அது முழுவதும் கிடைத்தே தீரும் என்ற உறுதியும் இல்லை. 1963இல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் உறுதிசெய்தது. டெல்லியில் ஒரு சொத்து, விலை 1,12,500 ரூபாய். வாங்க வந்தவர் அச்சாரமாக 1,000 ரூபாயும், பிறகு 24,000 ரூபாயும் கொடுத்திருந்தார். கிரயம் முடியவில்லை. மொத்தம் 25,000 ரூபாயும் தனக்கே என்று விற்பவர் ஒப்பந்தத்தைக் காட்டினார். 1,000 ரூபாயை வைத்துக்கொள்ள அனுமதித்த நீதிமன்றம், நஷ்டத்தைக் காட்டாமல் 24,000 ரூபாயைப் பறிமுதல் செய்ய முடியாது என்றது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அங்கேயும் இருந்தது.

நுகர்வோருக்கு இதற்கு மேலும் ஒரு பாதுகாப்பு உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்றே ஒரு வகையைப் பிரித்துச் சொல்கிறது. ஏற்பட்ட நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம், அளவு மீறிய டெபாசிட், வாங்குபவரைப் பாதகமான நிலைக்குத் தள்ளும் நிபந்தனை எல்லாம் அதில் வரும். அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது என்று அறிவிக்க மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. மண்டபம் கேன்சல் செய்தால் அட்வான்ஸைத் திருப்பித் தந்ததோடு முடிந்தது என்று சொல்லிவிடுவார்கள். வாடிக்கையாளர் கேன்சல் செய்தால் அட்வான்ஸே போச்சு. இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்த ஷரத்து என்றால் அச்சடித்தவருக்கு அது பெரிய கவசம் ஆகாது.

அடுத்த வாதம்: “கேன்சல் செய்தது நீங்கள்தானே, தப்பு உங்கள் மேல்.” நம் ஆட்களை வாயடைக்க வைப்பது இதுதான். தப்பு நம்முடையது, பணம் கேட்க முகம் ஏது என்று கூசி நின்றுவிடுகிறோம். ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போன மௌலா பக்ஷ் வழக்கிலும் தவறியது பணம் கட்டியவர்தான். ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு, கோழி, முட்டை, மீன் தருவதாக ஒப்புக்கொண்டு, 10,000 ரூபாயும் 8,500 ரூபாயும் டெபாசிட் கட்டியிருந்தார். சரக்கை ஒழுங்காகத் தரவில்லை. அரசு டெபாசிட்டை எடுத்துக்கொண்டது. 1969இல் உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி எளிமையானது: வெளியில் என்ன விலைக்கு வாங்கினீர்கள், எவ்வளவு கூடுதலாகச் செலவானது? கிழங்குக்கும் முட்டைக்கும் சந்தை விலை இருக்கிறது. நஷ்டத்தைக் காட்டியிருக்க முடியும், அரசு காட்டவில்லை. ஆகவே டெபாசிட்டைப் பறிமுதல் செய்தது செல்லாது. சொன்ன சொல் தவறிய ஒப்பந்தக்காரருக்கே இந்த நியாயம் கிடைத்திருக்கிறது. கல்யாணம் நின்றுபோன குடும்பம் கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை.

இனி உண்மையிலேயே கனமுள்ள வாதம்: “உங்களுக்காகத் தேதியை நிறுத்தி வைத்தோம். அதே நாளைக் கேட்டு வந்த நாலு பேரைத் திருப்பி அனுப்பினோம். அந்த நஷ்டத்தை யார் தருவார்கள்?” இதில் நியாயம் இருக்கிறது. வைகாசி முகூர்த்த நாளில் ஒரு மண்டபம் பூட்டிக் கிடந்தால், அந்த வாடகை மறுபடி வராது. ஆனால் நியாயம் இருக்கும் அளவுக்குத்தான் பணமும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாடகை 2 லட்சம், அட்வான்ஸ் 75,000 ரூபாய். நான்கு மாதம் முன்பே கேன்சல் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. அடுத்த மாதமே அந்தத் தேதியை வேறு வீட்டார் அதே வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். மண்டபத்துக்கு என்ன நஷ்டம்? ரசீது எழுதிய கூலி, டைரியில் பேரை அடித்து மாற்றிய வேலை. அதற்காகச் சில ஆயிரம் பிடித்தால் புரிந்துகொள்ளலாம். 75,000 ரூபாயையும் பிடித்தால், ஒரே நாளுக்கு இரண்டு இடத்தில் வசூல். இதையே மாற்றிப் போடுங்கள்: பத்து நாள் முன்பு கேன்சல் செய்கிறீர்கள், மண்டபம் காலியாகவே கிடக்கிறது. அப்போது நஷ்டம் உண்மை, அட்வான்ஸ் முழுவதும் போனாலும் குறை சொல்ல முடியாது. ‘எக்காரணம் கொண்டும்’ என்ற அந்த ஒற்றை வரி இந்த இரண்டு நிலைமைகளையும் ஒன்றாகப் பார்க்கிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

நஷ்டத்தைக் குறைக்க என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு. தேதி காலியானது தெரிந்தும் யாருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டு, நஷ்டம் என்று மண்டபக்காரர் கைவிரிக்க முடியாது. 2015இல் கைலாஷ்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே கோட்டில்தான் நின்றது. டெல்லி வளர்ச்சி ஆணையம் ஏலத்தில் விட்ட மனைக்கு வாங்கிய 78 லட்சம் ரூபாய் முன்பணத்தைப் பறிமுதல் செய்துவிட்டு, அதே மனையைப் பிறகு 11.78 கோடிக்கு விற்றது. வாங்க வந்தவர் ஒப்பந்தத்தை மீறவும் இல்லை, ஆணையத்துக்கு நஷ்டமும் இல்லை. 78 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்தது.

அதனால் மண்டபம் கேன்சல் செய்தவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். அந்தத் தேதி வந்ததும் யாரையாவது மண்டப வாசலுக்கு அனுப்புங்கள். வேறொரு மணமக்கள் பெயரோடு ஃபிளெக்ஸ் பேனர் நிற்கிறதா? தேதி தெரிகிறபடி செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நஷ்டம் என்ற பேச்சுக்கு அதைவிட நேரான பதில் கிடையாது.

யாருடைய தவறும் இல்லாமல் காரியம் நின்றால்? கொரோனா ஊரடங்கில் 2020இல் எத்தனையோ கல்யாணங்கள் மண்டபம் ஏறாமலே போயின. “அரசு பூட்டினால் நாங்கள் என்ன செய்வோம்” என்று அட்வான்ஸை வைத்துக்கொண்டவர்கள் உண்டு. நிறைவேற்ற முடியாமல் போய் ஒப்பந்தம் செல்லாததாகிவிட்டால், பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்பது அதே சட்டத்தின் 65ஆம் பிரிவு. அதற்கு அந்தச் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: கச்சேரி பாட 1,000 ரூபாய் முன்பணம் வாங்கிய பாடகருக்கு உடம்பு முடியாமல் போகிறது, கச்சேரி நடந்திருந்தால் கிடைத்திருக்கும் லாபத்துக்கு அவர் ஈடு தர வேண்டியதில்லை, ஆனால் அந்த 1,000 ரூபாயைத் திருப்பியாக வேண்டும். நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்த விஷயம் இது.

“அது அட்வான்ஸ் இல்லை சார், டோக்கன்” என்பார்கள் வீட்டு மனை, ஃபிளாட் விற்பவர்கள். இங்கே நுகர்வோர் பக்கம் நிற்பவர்கள் உண்மையை மறைக்கக் கூடாது. ஒப்பந்தத்தை முடித்துத் தருவேன் என்பதற்கு உறுதியாகக் கொடுத்த அச்சாரத்தை, வாங்குபவர் பின்வாங்கினால் விற்பவர் எடுத்துக்கொள்ளலாம். 2012இல் சதீஷ் பத்ரா வழக்கில் 70 லட்ச ரூபாய் வீட்டுக்குக் கொடுத்த 7 லட்சம் அச்சாரம் அப்படித்தான் போனது. விலையில் ஒரு பகுதியாக முன்கூட்டிக் கட்டிய பணத்துக்கு அந்தக் கதி கிடையாது. பேரை என்ன வைத்தாலும், எதற்காகக் கொடுத்த பணம் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். அச்சாரத்துக்கும் அளவு உண்டு. குர்கான் ஃபிளாட் வழக்கு ஒன்றில், கேன்சல் செய்தால் அடிப்படை விலையில் 20 சதவீதம் பிடிப்போம் என்ற ஷரத்தை ஏற்காமல், 10 சதவீதத்தோடு நிறுத்தியது 2025 பிப்ரவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. வாங்கியவருக்கு வட்டி கிடைக்கவில்லை. மிச்சப் பணம் கிடைத்தது. பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் புரமோட்டர் வாங்கவே கூடாது என்று ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடுக்கிறது. இதை அறியாமல் புக்கிங் அன்றே 25 சதவீதம் கட்டிவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தப்பான நம்பிக்கை ஓடுகிறது: மூன்று நாளைக்குள் கேன்சல் செய்தால் முழுப் பணமும் சட்டப்படி வந்துவிடும் என்பது. எல்லாப் பொருளுக்கும் எல்லாக் கடைக்கும் பொதுவாக அப்படி ஒரு விதி இந்தியாவில் இல்லை. மனம் மாறிவிட்டது என்பதற்காக மட்டும் கடைக்காரர் முழுதாகத் தந்தாக வேண்டியதில்லை. ஆன்லைனில் வாங்கினால் நிலைமை கொஞ்சம் மேல்: வாடிக்கையாளர் கேன்சல் செய்வதற்குக் கட்டணம் பிடிக்கும் நிறுவனம், தானாகக் கேன்சல் செய்யும்போது அதே போன்ற கட்டணத்தைத் தானும் ஏற்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். ஷோரூம் சொன்ன தேதியில் வண்டி வராமல் நீங்கள் விலகினால் கதையே வேறு. வாக்குத் தவறியவர் அவர். முழுப் பணத்தையும் கேளுங்கள்.

“ஜிஎஸ்டி கட்டிவிட்டோம், எடுக்க முடியாது” என்பது வெறும் சாக்கு. பொருள்களுக்கான முன்பணத்துக்கு 2017 நவம்பரிலிருந்தே ஜிஎஸ்டி கிடையாது. சேவைகளுக்கு உண்டு, ஆனால் சேவை நடக்காமல் பணத்தைத் திருப்பும்போது ரீஃபண்ட் வவுச்சர் போட அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

“கேஷாகக் கொடுத்தேன், பில் இல்லை” என்று ஒடுங்கிப் போகவும் வேண்டாம். பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது நுகர்வோர் சட்டம். பணம் எடுத்த வங்கிக் கணக்கு, ‘அட்வான்ஸ் கிடைத்தது’ என்று வந்த வாட்ஸ்அப், ஜிபேயில் அனுப்பிய பாக்கி எல்லாமே சான்றுதான். போனில் பேசித் தீர்த்ததாக நினைப்பதுதான் ஆபத்து. கேன்சல் செய்வதை அன்றே எழுத்தில் அனுப்ப வேண்டும். கடிதம் நாலு வரி போதும்: இன்ன தேதிக்கு இவ்வளவு முன்பணம் கட்டினேன், இன்ன காரணத்தால் இன்று ரத்து செய்கிறேன், உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைக் கணக்கோடு எழுதித் தாருங்கள், மீதியை 15 நாளுக்குள் அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று.

கடைசி வாதம், எல்லோரையும் மடக்கிப் போடுவது: “கேஸ் போட்டால் அட்வான்ஸைவிடச் செலவு அதிகம்.” சிவில் கோர்ட்டை நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. மண்டபம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ மனுப் போடலாம், ஆன்லைனிலும் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவே. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். மனு எழுதும் முன்பே தீர்கிற தகராறுகளும் உண்டு. தனி ஒருவர் தன் வீட்டை விற்கும் விவகாரமும், வியாபாரத்துக்காக வாங்கும் சரக்கும் இந்த ஆணையத்துக்கு வராது. 74ஆம் பிரிவு அங்கேயும் துணை நிற்கும், மன்றம்தான் வேறு.

ரயில் டிக்கெட்டைக் கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று நமக்கு முன்பே தெரியும். பயண நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். முன்கூட்டியே சொன்னவருக்குக் குறையும். மண்டபமோ ஷோரூமோ இதே போல ஓர் அட்டவணையை ரசீதில் அச்சடிக்க என்ன தடை? ஆறு மாதம் முன்பு என்றால் இவ்வளவு, ஒரு மாதம் என்றால் இவ்வளவு, அதே தேதி வேறொருவருக்குப் போய்விட்டால் இவ்வளவு. மண்டப உரிமையாளர்களின் சங்கங்கள் இதைத் தாமாகச் செய்யலாம். அதுவரை, அட்வான்ஸ் கொடுக்கும் நாளில், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே அந்த அட்டவணையைப் பேனாவால் ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அன்றைக்குத்தான் அவருக்கு உங்கள் பணம் வேண்டும்.