இருபது வாரத் தீனி

நடுவயதில் தொழில் மாறுவது சேந்தமங்கலம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. மேட்டாங்காடு மிகுந்த பகுதி இது. மழை பொய்த்துக் கிணறு வற்றினால் பண்ணையம் படுத்துவிடும். அப்படிப் படுத்தபோதுதான் விவசாயிகள் லாரி ஓட்டப் போனார்கள், திருச்செங்கோட்டுப் பக்கம் போர் வண்டி வாங்கினார்கள், நாமக்கல்லைச் சுற்றி முட்டைக்கோழி வளர்த்தார்கள். யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. இப்போதோ நாற்பது வயதில் தொழில் மாறக் கற்றுத் தருவதாகப் பயிற்சி விளம்பரங்கள் கைபேசியில் வந்து விழுகின்றன. எரிச்சல் கட்டணத்தால் அல்ல. பழைய வேலையை விட்ட நாளுக்கும் புதிய வேலை சோறு போடும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றி அவற்றில் மூச்சே இல்லை.

கோழிப்பண்ணைக்காரருக்கு அந்தக் கணக்கு அத்துப்படி. ஒருநாள் குஞ்சை இறக்கினால் அது முட்டை வைக்க ஏறத்தாழ 18 முதல் 20 வாரம் ஆகும். அதுவரை மக்காச்சோளம், சோயா, தடுப்பூசி, கரண்ட் பில் என்று செலவு மட்டுமே.

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளைக்கு அந்த இடைக்காலம் வாரக்கணக்கில் முடியவில்லை. 1888இல் மோகனூரில் பிறந்த அவர் பிழைப்புக்குப் பிடித்தது தூரிகை. 1911 தில்லி தர்பாரையொட்டி ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வரைந்து தங்கப் பதக்கம் பெற்றார். நாடகக்காரர்களுக்குப் பாட்டு எழுதித் தந்ததெல்லாம் பக்கவாட்டில் நடந்தது. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் உப்புப் படை திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோது தொண்டர்கள் பாடிச் சென்றது அவர் எழுதிய பாட்டை. அப்போது வயது 41. மன்னரை வரைந்தவரையே மன்னரின் அரசு 1932இல் சிறையில் வைத்தது, ஓராண்டு.

சென்னை அரசு அவரை ஆஸ்தானக் கவிஞர் ஆக்கியது 1949இல். அந்தப் பாட்டுக்கும் இந்தப் பதவிக்கும் நடுவில் 19 ஆண்டுகள். அந்த இடைவெளியைத் தாண்டித்தான் பத்மபூஷணும், சென்னைத் தலைமைச் செயலகப் பத்துமாடிக் கட்டடத்துக்கு அவர் பெயரும் வந்தன. அவருடைய ‘மலைக்கள்ளன்’ நாவல் எம்.ஜி.ஆர். நடித்த படமாகி ஓடியதும் 1954இல்தான். பாட்டெழுதி அவர் புகழ் பெற்றதைச் சொல்கிறவர்கள், படம் வரைந்து பிழைத்த ஆண்டுகளை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அந்த ஓவியர் இல்லாமல் இந்தக் கவிஞர் 41 வயது வரை தாக்குப்பிடித்திருக்க முடியாது.

தொழில் மாற நினைப்பவர்கள் வகுப்புக்குப் பணம் கட்டுமுன் அவருடைய தன்வரலாறான ‘என் கதை’யை ஒருமுறை படித்துவிடுங்கள். நூலகத்தில் எடுத்தால் செலவும் இல்லை.