பட்டியல் எந்தக் கடைக்கு?

நம் சங்க இதழில் வரி, லைசென்ஸ், தராசு முத்திரை என்றே எழுதி வருகிறோம். இம்முறை ஒரு பாட்டு விழாவைப் பற்றி எழுதுகிறேன். சகோதர வணிகர்கள் சிரிக்க வேண்டாம். விஷயம் மளிகைக் கடையில்தான் வந்து முடியும்.

திருவையாற்றில் நடக்கும் தியாகராஜர் ஆராதனை எல்லோருக்கும் தெரியும். அவர் மறைந்தது 1847-இல். ஆண்டுதோறும் அந்தத் திதியில் காவிரிக் கரையில் வித்வான்கள் கூடி, நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து ராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவார்கள். அதையொட்டிச் சின்னச் சின்ன ஊர்களிலும் தங்கள் சக்திக்கேற்ப ஆராதனை நடத்துவது உண்டு. கும்பகோணத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள என் சம்பந்தி ஊர் அப்படிப்பட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாள் விழா. பேத்தி பாடுகிறாள் என்பதால், போன தை மாதம் மண்டியைக் கணக்குப்பிள்ளை பொறுப்பில் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு போனேன். சனிக்கிழமை நான் கல்லாவில் உட்காராதது 40 வருஷத்தில் அதுவே முதல் தடவை.

திருவையாற்றுக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். தலைகளைத்தான் பார்த்தேன். இங்கே அப்படியில்லை. கோயில் மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து, ஆச்சிமார்கள் தூணில் சாய்ந்துகொண்டு கேட்கிறார்கள். பேரன் என் மடியிலேயே தூங்கினான். வெளியே அறுவடை முடிந்த வயலில் பையன்கள் ஓடி விளையாடுகிறார்கள். பெயர் கூப்பிட்டதும் கால் கழுவிக்கொண்டு வந்து பாடுகிறார்கள். பேத்தி நடுவில் ஒரு வரியை மறந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் எடுத்துக் கொடுத்தார். பஞ்சரத்தினம் பாடும்போது, ரிட்டயர்டு வாத்தியார் முதல் பால்காரர் வரை சேர்ந்துகொண்டார்கள். கூட்டத்தில் நானும் வாயை அசைத்தேன். என் வீட்டுக்காரி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

ஞாயிறு காலை உஞ்சவிருத்தி. தியாகராஜர் அரண்மனைப் பொருளை நாடாமல், வீதியில் பாடிக்கொண்டு போய், வீடுகளில் இடும் அரிசியில் வாழ்ந்தவர். அதன் நினைவாகச் செம்பு ஏந்திப் பாடிக்கொண்டு தெருவில் வர, வாசலில் நின்று ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பிடி அரிசி போடுகிறார்கள். அரிசி வியாபாரமும் செய்கிறவன் நான். எவ்வளவோ சிப்பம் ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஒரு பிடி அரிசியை இவ்வளவு மரியாதையாக வாங்கிப் பார்த்ததில்லை.

இனி கடை விஷயத்துக்கு வருகிறேன். அன்னதானத்துக்கு வேண்டிய சாமான் முழுவதும் என் மண்டியிலிருந்து போனது. சம்பந்தி முறை என்பதால் விழாக் குழுவினர் பட்டியலோடு நேரே வந்தார்கள். ஆறு சிப்பம் அரிசி, பருப்பு, எண்ணெய் டின், வெல்லம், முந்திரி என்று சுமார் 28,000 ரூபாய். மொத்த விலை போட்டு, மேற்கொண்டு இரண்டு சிப்பம் அரிசி உபயமாகவும் கொடுத்து, குட்டியானையில் ஏற்றி அனுப்பினேன். அழைப்பிதழில் என் பெயர் தடித்த எழுத்தில் வந்தது. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பி 1926-இல் குடமுழுக்கு நடத்திய பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சம்பாத்தியத்தையே அதற்குக் கொட்டியவர். அதை நினைத்தால் இரண்டு சிப்பத்துக்குப் பெயர் போட்டுக்கொண்டது கூச்சமாகத்தான் இருக்கிறது. அது போகட்டும்.

அந்த ஊரில் ஒரே ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் 22 வருஷமாக என் வாடிக்கை. செவ்வாய்க்கிழமை தவறாமல் மண்டிக்கு வருவார், பாக்கி நின்றதில்லை. சனிக்கிழமை இரவு 9 மணி சுமாருக்கு அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "நம்ம மண்டி மூட்டையெல்லாம் மண்டபத்துல பார்த்தேன்ணே" என்றார். அவ்வளவுதான். குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டபிறகுதான், அந்தப் பட்டியல் இத்தனை வருஷமாக அவர் கடைக்கு வந்தது என்று தெரிந்தது. வசூல் வந்தபின் பணம் வாங்கிக்கொள்வாராம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே விழாக் குழுப் பையன் ஓடி வந்தான். காலைப் பாயசத்துக்குச் சர்க்கரை 5 கிலோ குறைகிறதாம். மூடப்போன கடையில் நிறுத்துக் கொடுத்து, நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நேரத்துக்குப் பையன் என் மண்டிக்கு வரமுடியுமா?

சூப்பர் மார்க்கெட்காரனும் ஆன்லைன்காரனும் நம் வியாபாரத்தைப் பிடுங்குகிறான் என்று சங்கக் கூட்டத்தில் நானே மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். மண்டிக்காரன் நேரே பந்திக்குச் சரக்கு அனுப்பினால் அதற்கு என்ன பெயர்? பொதுப்பணம், மலிவாக வாங்கவேண்டாமா என்று குழுவினர் கேட்கலாம். நியாயம்தான். திரும்பி வந்து கணக்குப் பார்த்தேன். அவர் கடை வழியாகப் போயிருந்தால் கூடுதலாக 1,500 ரூபாய் ஆகியிருக்கும். என் உபயத்தைக் கொஞ்சம் கூட்டினால் அது அடைந்துவிடும். குழுவுக்கும் நஷ்டமில்லை, கடைக்காரரும் தன் ஊர் விழாவில் ஓரமாக நிற்கவேண்டியதில்லை. மொத்த வியாபாரிகள் கோயில், பள்ளிக்கூட விழாப் பட்டியல்களை அந்தந்த ஊர்க் கடை பெயரிலேயே பில் போடவேண்டும். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வந்தபோது, வரும் தை மாதப் பட்டியல் உங்கள் கடைக்குத்தான், குழுவினரிடம் சொல்லிவிட்டேன் என்றேன். சரக்கை ஏற்றிக்கொண்டே சொன்னார்: "வெல்லம் மட்டும் பார்த்துப் போடுங்கண்ணே. இந்தத் தடவை மண்டபத்துக்கு வந்தது கொஞ்சம் கறுப்பு."