முதலெழுத்து உறவாகுமா?

ஆங்கிலச் சொல்வளம் பெருக்குதற்கென ஒரே முதலெழுத்துச் சொற்களை அடுக்கிப் பிள்ளைகளை உருப்போடச் செய்வோர் உளர். 1594இல் இரேவண சித்தர் அகராதி நிகண்டை முதலெழுத்தொழுங்கில் அமைத்ததும், 1604இல் இராபர்ட்டு காட்ரி ஆங்கிலச் சொற்களை அகரவரிசைப்படுத்தியதும் தேடுதற்கே, உருப்போடுதற்கன்று!

கோப்பையாகிய 'கப்பு'ம் நகராகிய 'சிட்டி'யும் ஆங்கிலத்தில் ஓரெழுத்தே முதலாக உடையன. ஒலியும் வேறு, பொருளும் வேறு. 'இம்போர்ட்டு', 'எக்சுபோர்ட்டு' என்பனவோ சுமத்தற்பொருள் தரும் ஓர் இலத்தீன வேரிற் கிளைத்த உடன்பிறப்புகள். முதலெழுத்து அவற்றைப் பிரித்துவிடுகின்றது.

தமிழில் வேர் முன்னிற்கும்; ஈறுகளே மாறும். 'நில்' அறிந்தவன் நிலை, நிலையம், நிறுத்தம் யாவும் உணர்வான். ஆங்கிலத்தில் முன்னொட்டு முந்திநின்று வேரை மறைக்கும். ஆசிரியர்காள்! எம்மொழியாயினும் வேர்காட்டிக் கற்பியுங்கள், பிள்ளைகளைக் கிளிகளாக்காதீர்!