சிவப்பு மையும் ஒரு வேண்டுதலும்

நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய், ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் தம் மகளின் பயிற்சிக் குறிப்பேட்டை அண்மையில் நம்மிடம் காட்டினார். தாத்தாவுக்கு எழுதுவதாக ஒரு கடிதம். இறுதி வரி, 'காட் பிளெஸ் யூ'. ஆசிரியை 'பிளெஸ்' என்னும் சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, 'பிளெசஸ்' என்று திருத்தி, அரை மதிப்பெண்ணும் குறைத்திருந்தார். படர்க்கை ஒருமை எழுவாய் வந்தால் நிகழ்கால வினையின் இறுதியில் 'எஸ்' வரவேண்டும் என்பது விதியாம். மகளுக்கு இவ்வளவு நுணுக்கமாகக் கற்பிக்கிறார்களே என்று அத்தாய்க்குப் பெருமை. நமக்கோ நெஞ்சு கனத்தது. 'கடவுள் உம்மை ஆசீர்வதிப்பாராக' என்று வேண்டிய குழந்தையின் வாயிலிருந்து வேண்டுதலைப் பிடுங்கிவிட்டு, 'கடவுள் உம்மை ஆசீர்வதிக்கிறார்' என்னும் செய்தியை அங்கே வைத்துவிட்டது அந்தச் சிவப்பு மை.

இது ஓர் ஆசிரியையின் குறை மட்டுமன்று. 'செபங்களை ஆங்கிலத்திலேயே கற்றுக்கொடுங்கள். அம்மொழி தெளிவானது, துல்லியமானது. தமிழ்ச் செபம் வெறும் சொல்லலங்காரம்' என்று கற்றறிந்த பொதுநிலையினர் பலர் இன்று பேசிவருகின்றனர். அவர்களோடுதான் நமக்கு வழக்கு. ஆங்கிலத்தின்மேல் நமக்குப் பகை ஏதுமில்லை. அம்மொழி விழைவை எப்படிச் சொல்கிறது என்பதை அறியாமலே அதன் துல்லியத்தைப் புகழ்கிறார்களே என்பதுதான் நம் குறை.

பழைய ஆங்கிலத்தில் செய்தி கூறும் வினைக்கு ஓர் ஈறும் விழைவைக் கூறும் வினைக்கு வேறோர் ஈறும் இருந்தன. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அவை தேய்ந்து மறைந்தன. எஞ்சியிருப்பது ஓர் இன்மை மட்டுமே: வரவேண்டிய இடத்தில் 'எஸ்' வராமலிருப்பதே விழைவின் அடையாளம். இழந்ததை ஈடுசெய்ய அம்மொழி துணைவினைகளைக் கடன் கேட்டுத் திரிகிறது. 'மே' என்றொரு சொல். முற்காலத்தில் அதற்கு 'வலிமை உண்டு' என்பதே பொருள். இன்று அச்சொல் இசைவு தருகிறது, ஐயம் காட்டுகிறது, வாழ்த்தவும் செய்கிறது. நம் சிறுவர் வகுப்பில் கற்பது முதல் இரண்டை மட்டுமே. ஆகவே, கல்லறையில் பொறித்த ஆங்கில வாசகத்தைத் தமிழாக்கச் சொன்னால், 'அவர் அமைதியில் இளைப்பாறலாம்' என்கிறார்கள். இளைப்பாறுவதும் ஆறாததும் இறந்தவரின் விருப்பம் போலும்! கைகூடாத ஆசையைச் சொல்லவோ ஆங்கிலம் இறந்தகாலத்தை நாடுகிறது. 'ஐ விஷ் ஹீ வேர் ஹியர்' என்பதில் 'வேர்' இறந்தகால உருவம். ஏக்கமோ இந்த நொடிக்குரியது. அழகான வழக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை யார் விளக்கிச் சொல்லித் தருகிறார்கள்?

நம் மொழியிலோ இதற்கென்றே வியங்கோள் உண்டு. வாழ்க, வாழிய, வாழியர் எனக் க, ய, ர ஈறுகளை வகுத்து, அது மூவிடத்திலும் ஐம்பாலிலும் வரும் என்றார் பவணந்தியார். தன்மையிலும் முன்னிலையிலும் அது நிலைபெறாது என்று அவருக்கு நெடுங்காலம் முன்பே தொல்காப்பியர் கூறியிருந்தார். பிற்கால வழக்கு அவ்வேலியைத் தாண்டியது. திருப்பலியில் குரு நம்மை வாழ்த்தும் இலத்தீன் சொற்களில் 'ஆண்டவர்', 'உங்களோடு' என்னும் இரண்டே உண்டு, வினையே கிடையாது. இருக்கிறாரா, இருப்பாராக என்பதா? ஆங்கிலம் 'பி' என்று ஈறில்லா வினையைச் சேர்த்து விழைவாக்கியது. தமிழ் 'இருப்பாராக' என்றது. ஐயத்துக்கு இடமேயில்லை.

இத்தனையும் கையில் இருக்க, நாம் செய்வதென்ன? ஞாயிறுதோறும் விசுவாசிகள் மன்றாட்டைக் கேட்டுப் பாருங்கள். 'ஆண்டவர் எங்கள் தலைவர்களுக்கு ஞானத்தைத் தரட்டும்', 'நோயாளிகளைக் குணமாக்கட்டும்'. ஆங்கிலத் தாளில் உள்ள 'லெட்' என்னும் சொல் அப்படியே தமிழுக்குள் குடியேறியிருக்கிறது. இது பிழை என்று இலக்கணம் சொல்லாது. பேச்சுத் தமிழில் 'நல்லா இருக்கட்டும்' என்று வாழ்த்தாத பாட்டியும் இல்லை. ஆயினும், 'வரட்டும்' என்னும்போது வாசலில் நின்று இசைவு தருகிறவரின் குரல் அதில் கலந்தே ஒலிக்கிறது. அக்குரலில் நாம் ஆண்டவரிடம் பேசலாகுமா?

அதே 'அட்டும்' மிகச் சரியாக அமைந்த ஓரிடம் உண்டு. அதைக் கண்டால் வேறுபாடு விளங்கும். தொடக்கநூலில் இறைவன் ஒளியை அழைக்கிறார். லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் கன்னி மரியா வானதூதருக்கு மறுமொழி கூறுகிறார். இலத்தீன் இரண்டிடத்திலும் 'ஃபியாத்' என்னும் ஒரே சொல்லை வைத்தது. ஆங்கிலமும் பெரும்பாலும் இரண்டிடத்திலும் 'லெட்' என்றே தொடங்கிற்று. ஒளி உண்டாக யார் யாருக்கு இசைவு தருவது? கிரேக்கம் அவ்வாறு செய்யவில்லை. படைப்பின் சொல் அங்கே ஏவல் வடிவில் இருக்கிறது; மரியாவின் சொல்லோ, புதிய ஏற்பாட்டில் அரிதாகவே காணப்படும் விழைவு வடிவில் இருக்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பைப் புரட்டுங்கள். படைப்பில் 'தோன்றுக', மரியாவின் வாயில் 'நிகழட்டும்'. விண்ணகம் அந்தக் கன்னியின் இசைவுக்காகக் காத்து நின்றதாகப் புனித பெர்நார்து மறையுரை ஆற்றினாரே, அந்த இசைவும் விழைவும் ஒருங்கே 'அட்டும்' என்பதில் அடங்கியுள்ளன. இறைவன் தன்னிடம் கேட்டதற்கு அவர் இசைந்தார். நாமோ இறைவனிடம் கேட்க வந்தவர்கள். அவருக்கு உரியதை நாம் எடுத்துக்கொள்வது முறையன்று.

விழைவுக்கு நேர்ந்த கதியே, 'ஆயினும்' என்று தடையை மீறி உரைக்கும் தொடர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஆல்தோ' என்றால் நடந்துவிட்ட தடை. 'ஈவன் இஃப்' என்றால் நடக்கக்கூடிய தடை. தமிழ் இதை ஓர் ஈற்றிலேயே காட்டிவிடும். 'கேட்டும் தரவில்லை' என்றால் கேட்டது உண்மை. 'கேட்டாலும் தரமாட்டார்' என்றால் இன்னும் கேட்கவில்லை. இவ்விரண்டையும் 'இருந்தபோதிலும்' என்னும் ஒரே மூட்டைக்குள் திணிக்கும் பழக்கம் இன்றைய மொழிபெயர்ப்புகளில் பெருகிவிட்டது. தானியேல் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் தீச்சூளையின் முன் நின்ற இளைஞர் மூவரை நினைத்துப் பாருங்கள். தம் கடவுள் தம்மை விடுவிக்க வல்லவர் என்கின்றனர். அடுத்து, அவர் விடுவிக்காவிட்டாலும் பொற்சிலையை வணங்கோம் என்கின்றனர். தீயில் இன்னும் விழவில்லை, முடிவும் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் அவர்களுடைய விசுவாசம் நிற்கிறது. 'விடுவிக்காதபோதிலும்' என்று எழுதிப் பாருங்கள்: கைவிடப்பட்டவர்களின் மனத்தாங்கலாகச் சுருங்கிவிடும்.

யோபு நூலின் 13ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தை 1611ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்பு மொழிபெயர்த்த விதத்திலும் இதுவே. (எபிரேயப் பாடத்தை வேறு வகையாகப் படிப்போரும் உளர், அது தனி வழக்கு.) அங்கே, இறைவன் தன்னைக் கொல்வதைச் சொல்லும் 'ஸ்லே' என்னும் வினையின் இறுதியில் படர்க்கை ஒருமை ஈறு இல்லை. 'கொல்கிறார்' அன்று, 'கொன்றாலும்' என்பதே பொருள். அந்தச் சிவப்பு மை அங்கேயும் ஓர் ஈற்றைச் சேர்த்திருக்குமோ!

என்றிக்கே என்றீக்கசு அடிகளார் நம் மொழியைக் கற்றுப் போர்த்துக்கீசிய மொழியில் அதற்கு இலக்கணம் வரைந்தார்; 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தைத் தமிழில் அச்சிட்டார். வீரமாமுனிவர் 1730இல் தொன்னூல் விளக்கம் தந்தார். கடல் கடந்து வந்தவர்கள், நம் வினைமுற்றுகளைப் பிழையின்றிச் சொல்லாமல் நம்மோடு செபிக்க இயலாது என்று அறிந்திருந்தார்கள். நமக்கு நம் மொழியின் வியங்கோளும் தெரியவில்லை, அவர்கள் மொழியின் விழைவும் தெரியவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து விளக்க ஞாயிறு மறைக்கல்வியில் அரைமணி நேரம் போதும். அதைக்கூட ஒதுக்காமல் துல்லியத்தைப் பற்றிப் பேசுவோருக்கு நாம் வேறென்ன சொல்ல?

அத்தாயிடம் இவற்றையெல்லாம் விளக்கினோம். பள்ளிக்குச் சென்று அரை மதிப்பெண்ணைக் கேட்க அவர் தயங்கினார். சிறுமி தயங்கவில்லை. தாத்தாவுக்கு அஞ்சலில் அனுப்பிய கடிதத்தில் 'காட் பிளெஸ் யூ' என்றே எழுதி, அதன்கீழ், ஆங்கிலம் அறியாத அம்முதியவருக்காகத் தமிழில் 'ஆசீர்வதிப்பாராக' என்றும் சேர்த்திருந்தாள்.