விடுமுறையும் ஓர் அமானிதமே



ஷஅபான் மாதத்தின் பிற்பகுதியில், வெளியூர் மதரஸாக்களில் தங்கி ஓதும் நம் பிள்ளைகள் தாம்பரம் ரயில் நிலையத்தில் பெட்டியோடு இறங்கி, முடிச்சூருக்குத் திரும்புகின்றனர். ரமழான் வீட்டில் கழிகிறது. பெருநாள் முடிந்து ஷவ்வாலில் மதரஸா திறந்ததும் அவர்கள் சொல்வது ஒன்றே: "நாள் போனதே தெரியவில்லை, ஹஜ்ரத்!"

கணக்கிட்டுப் பார்த்தால் இது சிரித்துக் கடந்துவிடும் சொல் அன்று. ஆண்டுக்கு 45 நாள் விடுமுறை என்று வைத்துக்கொண்டாலும், 7 ஆண்டுகள் ஓதும் பிள்ளை வீட்டில் இருப்பது 315 நாள்கள்தாம். ஒரு ஹிஜ்ரி ஆண்டின் 354 நாள்கள்கூட நிறைவதில்லை. சிறுவனாக அனுப்பிய மகன் தாடி அரும்பிய வாலிபனாகத் திரும்பும்வரை, பெற்றோருக்குக் கிடைப்பது அவ்வளவே.

இந்நாள்களை நாம் இரு வகையில் இழக்கிறோம். சில இல்லங்களில் விடுமுறை இரண்டாவது மதரஸாவாகிறது. கணினி வகுப்பு, ஆங்கில வகுப்பு என்று பிள்ளைக்கு மூச்சுவிட நேரமில்லை. வேறு சில இல்லங்களில் ஸஹர்வரை கைப்பேசி, லுஹர்வரை உறக்கம். இரண்டிலும் பிள்ளை வீட்டில் இருக்கிறான், வீட்டாரோடு இல்லை.

மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் அவர்களுடைய சம வயதுத் தோழர்களும் நபி (ஸல்) அவர்களிடம் 20 இரவுகள் தங்கிக் கற்ற செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அவ்விளைஞர்கள் குடும்பத்தாரை எண்ணி ஏங்குவதை நபியவர்கள் தாமாகவே உணர்ந்தார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பரிவோடு விசாரித்தார்கள். பின்னர் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். கற்றதை வீட்டாருக்குக் கற்பிக்கவும், தொழுகையை நிலைநாட்டவும் ஏவினார்கள். மாணவனின் ஏக்கத்தை நபியவர்கள் குறையாகக் கருதவில்லை. அதே வேளையில், வீடு திரும்புதலை வெறும் ஓய்வாகவும் விட்டுவிடவில்லை.

நம் பிள்ளைகளின் விடுமுறைக்கும் இதுவே அளவுகோல். வாப்பா அஸருக்குப்பின் ஒரு மணி நேரமேனும் மகனுக்கென ஒதுக்கட்டும். நோன்புக் கஞ்சி காய்ச்சும் உம்மாவுக்கு மகன் கைகொடுக்கட்டும். தம்பி தங்கையருக்கு ஒரு சிறு சூராவை ஓதிக் கொடுக்கட்டும். ஹாஃபிழ் பிள்ளை நாளுக்கு ஒரு ஜுஸ்உ ஓதினால் 30 நாளில் முழுக் குர்ஆனையும் மீட்டிவிடுவான். கட்டவிழ்ந்த ஒட்டகத்தைவிட விரைவாக மனனம் நழுவிவிடும் என்ற நபிமொழியின் எச்சரிக்கையை மனனம் செய்தோர் யாவரும் அனுபவத்தில் அறிவர்.

ஒரே மாதிரி கழிந்த நாள்கள் நினைவில் ஒட்டுவதில்லை. அதனால்தான் அவை காற்றாய்ப் பறந்ததாகத் தோன்றுகின்றன. நன்னிமாவிடம் பழங்கதை கேட்ட மாலையும், வாப்பாவோடு ஸுப்ஹுக்கு நடந்த தெருவும் ஆண்டுகள் கடந்தும் நிற்கும்.

மூன்றே வசனங்கள் கொண்ட அல்அஸ்ர் சூராவில் அல்லாஹ் காலத்தின் மீதே சத்தியமிடுகிறான். நமக்குத் தரப்பட்ட காலத்தில் நம் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாள்களும் அடங்கும். அவற்றுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியவர்களே. அந்நாள்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.