உதவியாளர் என்ற பெயரில்

மலையகப் பாடசாலைகளின் ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்ப அரசு கண்ட வழி, ஆசிரியர் உதவியாளர் நியமனம். க.பொ.த. உயர்தரச் சித்தியோடு, பெருந்தோட்டப் பகுதி இளைஞர் யுவதிகள் 2015 அளவில் வகுப்பறைக்குள் அனுப்பப்பட்டார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். பின்னரே 10,000 ஆனது. ஹற்றனிலிருந்து தோட்டப் பாடசாலைக்குப் போய்வர பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே காணுமா? பார்த்ததென்னவோ முழு ஆசிரியரின் வேலை.

பயிற்சி பெற்றால்தான் ஆசிரியர் சேவை என்பது நியாயமே. நிரந்தர நியமனத்தை இழுத்தடித்ததுதான் அநியாயம். கலைப்பிரிவில் படித்தவரைக் கணிதம் கற்பிக்க விடுவதும் தகுதி பார்த்த செயலல்ல.

ஆசிரியர் உதவியாளர்களுக்கு விண்ணப்பம் கோரும் அடுத்த வர்த்தமானியில் விண்ணப்பதாரியின் தகைமைகளோடு, பயிற்சிக்கு அனுப்பும் திகதியையும் சேவையில் உள்வாங்கும் திகதியையும் கல்வி அமைச்சு அச்சிடட்டும்.