மூன்றாவது எட்டு மணி நேரம்



சென்ற ஆவணித் திங்களில் ஓர் உறவினர் திருமணத்தை முன்னிட்டு என் சொந்த ஊரான செட்டியார்பட்டிக்குச் சென்றிருந்தேன். இராசபாளையத்தில் பேருந்து ஏறித் தெற்கே பயணமானால், மேற்கில் மலைத்தொடர் நம்மோடு கூடவே வரும். ஊருக்குள் நுழைந்ததும் நம்மை வரவேற்பது தையல் இயந்திரத்தின் ஓசை. நான் சிறுவனாயிருந்த நாளில் கேட்டது தறியின் ஓசை. இன்று தளவாய்புரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நைட்டியும் உள்பாவாடையும் தைப்பது பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். ஓசை மாறியிருக்கிறது, உழைப்பு மாறவில்லை.

என் தங்கை வீட்டில் தங்கினேன். அவள் கணவர் நூற்பாலையில் பணி செய்பவர். அவள் வீட்டு முன்னறையில் இயந்திரம் போட்டுத் தைப்பவள். ஒரே மகள், ஏழாம் வகுப்புப் படிக்கிறாள்.

நான் போனது மாலை ஆறு மணிக்கு. "வாங்க அண்ணே" என்று எழுந்த தங்கையின் கை துணியை விடவில்லை. "நாளைக்குள்ள இந்தக் கட்டை முடிச்சுக் கொடுக்கணும். கோவிச்சுக்காதீங்க" என்றாள். மருமகள்தான் காப்பி போட்டுக் கொண்டுவந்து தந்தாள். அப்பா எங்கே என்று கேட்டேன். "இந்த வாரம் ரெண்டாவது ஷிப்டு மாமா" என்றாள்.

கதவோரச் சுவரில் ஓர் ஆணி. அதில் நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள்கள் குத்தியிருந்தன. கடைக் கணக்காக இருக்கும் என்று எண்ணிப் புரட்டினேன். கணக்கு அன்று, கடிதங்கள்! "அப்பா, கணக்குல எண்பத்தாறு. ரேங்க் கார்டுல கையெழுத்துப் போடுங்க" என்று மகள் எழுதியிருந்தாள். அதன் கீழே, "போட்டுட்டேன். ரொம்ப சந்தோசம். சாப்பிட்டியா?" என்று தந்தையின் கையெழுத்து. இன்னொரு தாளில் ஒரே ஒரு வரி: "அப்பா, நேத்து ராத்திரி முழிச்சிருக்கப் பாத்தேன். தூங்கிட்டேன்."

அந்தத் தாளின் கீழே பதில் இல்லை.

இரண்டாம் ஷிப்டின் கணக்கு எளியது. தந்தை பிற்பகலில் வேலைக்குப் புறப்படும்போது மகள் பள்ளியில் இருக்கிறாள். அவர் நள்ளிரவில் திரும்பும்போது அவள் உறங்குகிறாள். காலையில் அவள் பள்ளிக்குப் புறப்படும்போது அவர் உறங்குகிறார். ஒரே கூரையின் கீழ் வாழும் இருவர் ஒரு வாரம் முழுவதும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஆணியில் தொங்கும் தாள்கள் மட்டும் பேசிக்கொள்கின்றன.

இதில் யாரைக் குறை சொல்வது? அன்புள்ள தந்தை, பொறுப்புள்ள தாய், அறிவுள்ள பிள்ளை. ஒருவரிடமும் குற்றம் இல்லை. ஆனாலும் அந்த இல்லத்திலிருந்து ஏதோ ஒன்று ஒவ்வொரு நாளும் ஓசையின்றி வெளியேறிக் கொண்டிருந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் கதையும் நினைவுக்கு வந்தது. என் மகன் சிறுவனாயிருந்த காலத்தில் அலுவலகம் உண்டு. அது முடிந்தால் சங்கக் கூட்டம் உண்டு. ஞாயிறன்றும் யாருக்காவது ஏதாவது உதவி செய்ய ஓடுவேன். ஊரார் என்னைப் புகழ்ந்தார்கள். இன்று அவன் தொலைவில் பணியாற்றுகிறான். வாரம் ஒருமுறை தவறாமல் தொலைபேசியில் அழைக்கிறான். "சாப்பிட்டியாப்பா?" என்பேன். "சாப்பிட்டேன்ப்பா" என்பான். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு வருவதில்லை. பேசப் பழகவேண்டிய ஆண்டுகளில் நாங்கள் பேசிப் பழகவில்லை. அதனை இப்போது எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

இல்லத்தாரே, நேரம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு நாளை மூன்று எட்டு மணி நேரங்களாகப் பகுத்து, முதல் எட்டு உழைப்புக்கு, இரண்டாவது எட்டு உறக்கத்திற்கு, மூன்றாவது எட்டு மனிதனாக வாழ்வதற்கு என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். 1886-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் சிகாகோ நகரில் அதற்காகக் கிளர்ச்சி செய்தவர்கள் இரத்தம் சிந்தினார்கள். நம் நாட்டில் முதன்முதலாக 1923-ஆம் ஆண்டில் சென்னையில் மே தினம் கொண்டாடியவர் சிங்காரவேலர். விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நாளொன்றுக்கு ஒன்பது மணி, வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி என்று வேலைக்கு வரம்பு கட்டியது. ஞாயிறன்று, அல்லது அதற்கு ஈடாக வேறொரு நாளில், வார விடுமுறையையும் உறுதி செய்தது.

இராசபாளையம் வட்டாரம் இதனை நன்கு அறியும். பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-ஆம் ஆண்டில் இராசபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து, சுற்றியுள்ள சிற்றூர்களின் பொழுது நூற்பாலைகளின் ஷிப்டை ஒட்டியே புலர்ந்து சாய்ந்திருக்கிறது. அண்மையில், 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் ஒரு சட்ட முன்வரைவு தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்த மூன்றாவது எட்டின் அருமையை உழைப்போர் இன்னும் மறந்துவிடவில்லை என்பதற்கு இது சான்று.

ஆனால், ஆலையின் வாயிலில் காத்த அந்த எட்டு மணி நேரத்தை நம் வீட்டின் வாயிலில் காக்கிறோமா? என் தங்கைக்கு எந்த ஆலையின் சங்கும் ஊதுவதில்லை. உருப்படிக்கு இவ்வளவு கூலி என்பதால், ஒவ்வொரு நிமிடத்திற்கும் ஒரு விலை இருக்கிறது. மகளோடு பத்து நிமிடம் பேசினால் ஓர் உருப்படி குறைகிறதே என்று மனம் கணக்குப் போடுகிறது. வீட்டிலேயே வேலை என்பதால் குடும்பத்தோடு இருக்கிறாள் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் வீடே ஆலையாகிவிட்டது; அந்த ஆலைக்கு ஷிப்டு முடியும் நேரம் என்று ஒன்று இல்லை.

அதோடு அடுப்பும் அவளுடையதே. 2019-ஆம் ஆண்டில் நடுவண் அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒரு செய்தியைத் தெரிவிக்கிறது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். அவ்வாறு ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்கள். ஆண்களில் அவ்வேலையில் கைவைத்தவரே நூற்றுக்கு இருபத்தாறு பேர்தாம். தாயின் ஐந்து மணி நேரம் ஒவ்வொரு நாளும் பாத்திரத்திலும் துணியிலும் கரைகிறது. "குடும்பத்தோடு சற்று உட்காரக் கூடாதா?" என்று அவளைக் கேட்கும் கணவர், உட்காரும் நேரத்தை அவளுக்கு யார் தருவது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை மாப்பிள்ளை எழுந்து வந்ததும் அந்தத் தாள்களைப் பற்றிப் பேசினேன். அவர் முகம் வாடியது. "எனக்கும் தெரியும் மச்சான். அந்தக் கடைசித் தாளுக்கு என்ன எழுதறதுன்னு தெரியாம அப்படியே விட்டுட்டேன். ஆனா ஷிப்டை நான் மாத்த முடியுமா? வேலையை விட்டா வட்டியை யாரு கட்டுறது?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். ஓய்வைப் பற்றி எழுதுவோர் பலர் கடனைப் பற்றி எழுதுவதில்லை. சுற்றுலா போங்கள், விடுப்பு எடுங்கள் என்று சொல்வது எளிது. அன்றாடக் கூலியில் வாழும் இல்லத்திற்கு அது பொருந்தாது. நான் வாயடைத்து நின்றேன்.

வழி சொன்னவள் மருமகள்தான். "அப்பா, காலைல ஏழரைக்கு எழுப்பட்டுமா? சாப்பிட்டுட்டு மறுபடி தூங்குங்க" என்றாள்.

எவ்வளவு சிறிய விண்ணப்பம்! ஷிப்டு மாறவேண்டியதில்லை, வேலையை விடவேண்டியதில்லை. அரைமணி நேரம் கண் விழித்து மகளோடு இட்லி தின்னவேண்டும். தங்கை தன் பங்குக்கு ஒன்று சொன்னாள்: இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை இயந்திரத்திற்கு உறை போட்டுவிடுவதென்று. "நாலஞ்சு உருப்படி குறையும். குறையட்டும்" என்றாள். மாப்பிள்ளை ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகுமுன் பாத்திரங்களைத் தாமே துலக்கி வைப்பதாகச் சொன்னார். அது இல்லாவிட்டால் தங்கையின் அந்த ஒரு மணி நேரம் பாத்திரத்தொட்டியடியில்தான் கழிந்திருக்கும்.

பின்னர் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் மாப்பிள்ளை தூக்கக் கலக்கத்தில் சிடுசிடுத்தாராம். மகளும் வாய் திறக்கவில்லையாம். இரண்டாவது வாரத்தில்தான், பள்ளியில் தோழி ஒருத்தியோடு மனத்தாங்கல் என்று மெல்லச் சொன்னாளாம். தீபாவளி நெருங்கியபோது வேலை குவிந்து, உறை போட்ட இயந்திரம் மீண்டும் நள்ளிரவு வரை ஓடியது. பண்டிகை முடிந்ததும் பழையபடி எட்டு மணிக்கு நின்றது. "வரும்படி கொஞ்சம் குறைஞ்சிருக்கு அண்ணே. ஆனா வீட்ல சிரிப்புச் சத்தம் கேக்குது" என்று தங்கை தொலைபேசியில் சொன்னாள். ஆணி இன்னும் சுவரில் இருக்கிறது. தாள்கள்தாம் குறைந்துவிட்டன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குழந்தை உடனே பேசவில்லை. "என்ன விசேஷம்? சீக்கிரம் சொல்லு" என்றால் எந்தப் பிள்ளையும் நெஞ்சைத் திறக்காது. மொச்சை உரிக்கும்போது, துணி மடிக்கும்போது, மின்சாரம் போய் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும்போது, ஒன்றும் நடக்காத அந்த நேரத்தில்தான் அதன் மனம் தானாகத் திறக்கும். வீணான நேரம் என்று நாம் தள்ளுகிற நேரமே குடும்பம் வளர்கிற நேரம். "பிள்ளைகளோடு விளையாட நேரம் செலவிடுகிறீர்களா?" என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இளம் பெற்றோரைப் பன்முறை கேட்டதன் பொருளும் இதுவே. நாசரேத்து இல்லத்திலும் தச்சுப் பட்டறை இருந்தது. கூலிக்கு உழைத்த குடும்பம்தான் அது. அங்கே கழிந்த முப்பது ஆண்டுகளைப் பற்றி நற்செய்தி சொல்வது மிகச் சிறிது. சொல்லும்படியாக ஒன்றும் நடவாத அந்த ஆண்டுகளை இறைமகன் வீண் என்று கருதவில்லை.

நம் இல்லங்களில் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

ஒன்று: குடும்பத்தின் வாரக் கால அட்டவணையை ஒரு தாளில் எழுதுங்கள். தந்தையின் ஷிப்டு, தாயின் வேலை, பிள்ளைகளின் பள்ளி, தனிவகுப்பு அனைத்தையும் குறியுங்கள். எல்லாரும் விழித்து வீட்டிலிருக்கும் நேரம் எது என்று தேடுங்கள். அரைமணிதான் கிடைக்கும் என்றால் அந்த அரைமணியே உங்கள் செல்வம்.

இரண்டு: அந்த நேரத்தை எவருக்கும் விற்காதீர்கள். இயந்திரத்திற்கு உறை போடுங்கள். கைப்பேசிகளை அலமாரியில் வையுங்கள். தொலைக்காட்சியும் ஓயட்டும்.

மூன்று: அந்த நேரம் தாய்க்கும் ஓய்வாக இருக்கட்டும். அவள் பரிமாற, மற்றவர் உண்பது குடும்ப நேரம் ஆகாது. அவளும் உடன் அமர்ந்து உண்ணும்படி, அதற்கு முன்னுள்ள வேலையைத் தந்தையும் மகனும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

நான்கு: அந்த நேரத்தில் அறிவுரையும் மதிப்பெண் விசாரணையும் வேண்டாம். அவற்றுக்கு வேறு நேரம் உண்டு.

வார விடுமுறை ஆளுக்கு ஒரு நாளாக அமையும் இல்லங்கள் உண்டு. மில்லில் சுழற்சி விடுப்பு. பிள்ளைக்கோ ஞாயிறுதான் ஓய்வு. அத்தகைய இல்லத்தார், திங்களில் ஒரு ஞாயிறாவது அனைவரும் வீட்டிலிருக்குமாறு முன்கூட்டியே கேட்டு அமைத்துக்கொள்ள முயலலாம். கிடைக்காத வாரங்களில் மனம் தளர வேண்டாம். ஏழரை மணி இட்லி இருக்கவே இருக்கிறது.

நான் மட்டும் இதனைக் காலம் கடந்து கற்றேன். ஆயினும் சென்ற வாரம் என் மகன் அழைத்தபோது, "சாப்பிட்டியா?" என்று கேட்காமல், "இன்னைக்கு என்ன சாப்பிட்ட? யார் சமைச்சது?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கினான். பிறகு தானே குழம்பு வைத்ததையும், அது தீய்ந்துபோனதையும் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அன்று எங்கள் பேச்சு கால்மணி நேரம் நீடித்தது.

உங்கள் வீட்டுச் சுவரிலும் அப்படி ஓர் ஆணி இருக்கிறதா என்று இன்றிரவு பாருங்கள். பதில் எழுதப்படாத தாள் ஒன்று அதில் தொங்குமானால், எழுத வேண்டாம், நேரில் சொல்லிவிடுங்கள்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.